மாமன் பஸ்ஸின் கடைசி நிறுத்தம்

என் மகளுக்கு இடது காதில் தோடு இருந்தது, வலது காதில் இல்லை. எட்டு மாதம் அப்படித்தான். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஆயர் ஈத்தாம் பாசாரில் கீரை விற்கும் அக்கா கேட்டார். எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியில் பதினோராம் மாடிக்காரர் கேட்டார். பாலர் பள்ளி ஆசிரியையும் கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். கீரை அக்காவிடம், "தோடு கழண்டு விழுந்திடுச்சுக்கா" என்றேன். மாடிக்காரரிடம், "இப்ப இதுதான் பேஷன் லா அண்ணே" என்றேன். ஆசிரியைக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா பயந்துட்டாரு டீச்சர்."

அதுதான் உண்மை. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் பொய்யாகிவிடும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வெல்ட் கீ படகுத்துறைப் பக்கத்தில் கப்பல் சரக்குக்கான தாள்களைத் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை. பினாங்குக்கு வரவேண்டிய சரக்குப் பெட்டி வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது என்று காலையில் செய்தி வந்தால் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். நான் காப்பியை முழுதாகக் குடித்த பிறகுதான் தொலைபேசியை எடுப்பேன். அவ்வளவு நிதானம். அந்த நிதானத்துக்கும் ஐந்தரை மணியோடு வேலை முடிந்துவிடும். என்னோடு வீட்டுக்கு வராது. வீட்டில் மகள் இரண்டு முறை தும்மினால் நான் மருத்துவமனைக்கு ஓட்டிப்போகக் காடிச் சாவியைத் தேடுவேன். என் மனைவி மருத்துவமனையில் தாதி. "தும்மலுக்கெல்லாம் வார்டு கிடையாதுங்க" என்று சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவாள்.

காது குத்து அன்று சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதுதான் வினை.

எங்கள் வழக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அப்பாவுக்கு அங்கே வேலையே கிடையாது. ஓரமாக நின்று பல்லைக் காட்டினால் போதும். முதல் வயதிலேயே செய்திருக்க வேண்டிய காரியம் அது. சளி என்று தள்ளினேன். பிறகு மழை என்று தள்ளினேன். "பினாங்குல மழையைப் பார்த்தா ஒரு பிள்ளைக்கும் காது குத்த முடியாது" என்று மனைவி நாள் குறித்தபோது மகளுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது. மூன்றை விட்டால் ஐந்து.

மச்சான் ஆறு தட்டு சீரோடு வந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சுங்கை பாக்காப்பில் இருக்கிறார், தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். காலையில் ஆட்களைப் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குக் கொண்டுவந்து விடுவார். வேலை முடிந்ததும் ஒவ்வொருவராக வீட்டருகே இறக்கிவிடுவார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. இருந்த ஆசை எல்லாம் என் மகள் மேல்தான். பட்டுப்பாவாடை, பழங்கள், பொம்மை, சின்னதாக ஒரு ஜோடித் தங்கத் தோடு என்று எடுத்து வந்து, புது வேட்டி கட்டி, கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகளை மடியில் வைத்ததும் அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்தால் காது குத்துவது அவருக்குத்தான் என்று தோன்றும்.

நான் போனில் வீடியோ படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆசாரி இடது காதில் ஊசியை இறக்கித் தோட்டை மாட்டினார். மகள் கத்தினாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. முதலில் மகளின் முகம். அப்புறம் மண்டபத்தின் கூரை. அப்புறம் என் கட்டைவிரல். அப்புறம் கும்மிருட்டு, ஏனென்றால் போன் பூசணிக்காய்த் தட்டில் விழுந்துவிட்டது. இருட்டுக்குள் என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"விடுங்க மச்சான்! உங்களுக்கென்ன? உங்க பிள்ளையா இருந்தாத்தானே வலிக்கும்!"

பிள்ளையை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன். காடி நிறுத்துமிடம் வரை ஓடினேன். தார் கொதித்தது, காலில் செருப்பு இல்லை. முதலில் உள்ளங்கால் சுட்டது. சொன்ன வார்த்தை சுட்டது அதற்குப் பிறகு. ஆசாரி ஊசியும் கையுமாகப் பின்னாலேயே வந்து, "அண்ணே, இன்னொரு காது இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

மச்சான் மண்டபத்திலிருந்து வெளியே வந்தார். மீதி ஒற்றைத் தோட்டைத் தங்கையின் கையில் வைத்து மூடினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, மாலைக்குள் சரியாகியிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாப்பிடாமல் போனார். விசேஷ வீட்டில் சாப்பிடாமல் போவதற்கு எங்கள் ஆட்களிடையே என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு முந்நூறு இலை போட்டோம். அந்த ஓர் இலை மட்டும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு முன் சனிக்கிழமை தவறாமல் வருவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நடப்பார். நடந்துகொண்டே அவராகக் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. உலகத்தில் தாலாட்டில் வரும் மாமன்கள் எல்லாம் தங்கத்தில் தொட்டில் செய்து, முத்தில் கயிறு திரித்துக் கொண்டுவருவார்கள். எங்கள் மச்சானுக்குத் தெரிந்தது பஸ். அதனால் அவர் தாலாட்டில் பஸ் வந்தது.

*அஞ்சு மணிச் சங்கு ஊதியாச்சு*
*மாமன் பஸ்ஸு கிளம்பியாச்சு*
*முதல் நிறுத்தம் வந்தாச்சு*
*மூக்குத்தி அக்கா இறங்கியாச்சு*

இப்படியே போகும். இரண்டாம் நிறுத்தத்தில் குடைக்கார அண்ணன் இறங்குவார். மூன்றாம் நிறுத்தத்தில் மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மா ஒருவர், கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்குவார். நாலாம் நிறுத்தத்தில்தான் எனக்கு அவமானம்.

*நாலாம் நிறுத்தம் வந்தாச்சு*
*அப்பா பையை மறந்தாச்சு*
*பை மட்டும் பஸ்ஸுல போயாச்சு*
*அப்பா தெருவுல நின்னாச்சு*

இது கற்பனையும் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று பேருந்து நிலையத்திலிருந்து மச்சானின் பஸ்ஸில்தான் போனேன். பழப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு மாமியார் வீட்டு வாசலில் இறங்கியவன் நான். மாப்பிள்ளை கையில் ஒன்றுமில்லை, நெற்றியில் மட்டும் வியர்வை. அதைத் தாலாட்டில் ஏற்றி என் பிள்ளைக்கே பாடினார் மனிதர். மகள் நாலாம் நிறுத்தத்துக்காகவே காத்திருந்து சிரிப்பாள்.

சண்டைக்குப் பிறகு அந்தப் பாட்டும் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். மனைவி எட்டு மாதத்தில் ஒரு நாளும், "அண்ணன்கிட்ட பேசுங்க" என்று சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. எட்டரை மணி ஆனால் மகளைப் படுக்க வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டு, மாமன் பஸ்ஸைக் கிளப்பிவிடுவாள். "மாமன்" என்ற இடம் வரும்போது குரல் ஒரு படி ஏறும். வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டத் தைரியம் வராது. மகள் மூன்றாம் நிறுத்தத்திலோ நாலாம் நிறுத்தத்திலோ தூங்கிவிடுவாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லியிருந்தாள். "மூணு முடியறதுக்குள்ள அந்தக் காதைக் குத்தணும். அண்ணன் மடியில குத்தணும். வேற மடி கிடையாது." தோட்டைத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் தினமும் சாமி கும்பிடுகிறவன். அந்த எட்டு மாதமும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட்டேன்.

மகளுக்கு நாலு வயது ஆக மூன்றே மாதம் இருந்தபோது மனைவிக்கு இரண்டு வாரம் மதிய ஷிஃப்ட் வந்தது. இரண்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதரை ஆகும்.

"பாப்பாவை நீங்கதான் தூங்க வைக்கணும். முடியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? நாப்பது அடிப் பெட்டியை நகர்த்துறவன் நான். மூணு அடிப் பிள்ளையைத் தூங்க வைக்க முடியாதா?"

"பெட்டி 'அப்புறம்?'னு கேக்காதுங்க" என்றாள்.

அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் நாள் எட்டரைக்கு எல்லாம் பக்காவாக இருந்தது. பல் துலக்கியாச்சு, மின்விசிறி மூன்றாம் வேகத்தில் சுற்றுகிறது, போர்வை கழுத்து வரை இருக்கிறது. "பாட்டு" என்றாள் மகள். பாடினேன். பேசாதவரைப் புகழ்ந்து பாடுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. "மாமன்" என்ற இடத்தை மெல்ல முழுங்கப் பார்த்தேன். "கேக்கல" என்றாள். சத்தமாகப் பாடினேன். என் குரலில் தூக்கம் வரவழைக்கும் சத்து ஏதும் இல்லை. மூக்குத்தி அக்கா இறங்கினார், குடைக்கார அண்ணன் இறங்கினார், மக்சிக் இறங்கினார், நான் இறங்கினேன். மகள் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

எனக்கு அப்புறம் தெரியாது. தினமும் நான் கேட்டதெல்லாம் நாலாம் நிறுத்தம் வரைதான். அதோடு பிள்ளை தூங்கிவிடும், மனைவியும் நிறுத்திவிடுவாள். கடைசி நிறுத்தம் ஒன்று உண்டு என்று மட்டும் தெரியும்.

"அப்புறம்... பஸ்ஸு பஞ்சர் ஆயிடுச்சு" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். "மாமா பஸ்ஸு பஞ்சர் ஆகாது!"

"டயர்தானேம்மா, யாரு பஸ்ஸா இருந்தாலும்—"

"ஆகாது! ஆகாது!" அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. பதினோராம் மாடிக்காரருக்கே கேட்டிருக்கும். நான் டயரை மாற்றினேன், காற்றடித்தேன், வேறு பஸ் வரவழைத்தேன், கடைசியில் நானே பஸ்ஸைத் தள்ளினேன். ஒன்றும் எடுபடவில்லை. மனைவி வந்து கதவைத் திறந்தபோது நாங்கள் இருவரும் வரவேற்பறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் மனைவியிடம் கேட்டேன். "கடைசி நிறுத்தத்துல என்ன ஆகும்?"

தலையை வாரிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "பாட்டு யார் கட்டினது?"

"உங்க அண்ணன்."

"அப்ப அவர்கிட்ட கேளுங்க."

"உனக்குத்தான் தெரியுமே!"

"தெரியும் லா" என்று பின்னலை முடித்து ரப்பர் போட்டாள். எட்டு மாதம் அவள் ஏன் சும்மா இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஷிஃப்ட் பட்டியலை அவளே கேட்டு வாங்கினாளோ என்று இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு.

மச்சானிடம் கேட்பதற்குப் பதில் நான் என்ன செய்தேன்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் நகரத்துப் புத்தகக் கடைக்குப் போனேன். தூங்கப் போகும் பிள்ளைகளுக்கான படப்புத்தகம் என்று ஓர் அலமாரியே இருக்கிறது. பாட்டு என்றால் ஒரு மாமன் வேண்டும், புத்தகத்துக்கு யார் தயவும் வேண்டாம் என்பது என் கணக்கு. பஸ் இல்லாத புத்தகங்களாகப் பார்த்து நான்கு எடுத்தேன். கடைக்காரப் பெண், "அங்கிள், எத்தனை வயசு பிள்ளைக்கு?" என்று கேட்டாள். "நாப்பத்தெட்டு" என்று சொல்லி வைத்தேன். அந்த அளவுக்குப் பதற்றம்.

அன்றைக்கு எட்டரைக்குப் புத்தகங்களை வரிசையாக அடுக்கினேன். முதல் புத்தகம் நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று சொல். நிலாவுக்கு வணக்கம் சொல்லி முடிந்தது. நான் அலுவலகத்தில் தாள் படித்த பழக்கத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்த அச்சக விவரத்தையும் படித்துவிட்டேன். மகளுக்கு அதுதான் பிடித்திருந்தது, திரும்பப் படிக்கச் சொன்னாள். இரண்டாவது புத்தகத்தில் சிங்கம் கொட்டாவி விட்டது. அத்தனை பல்லையும் ஒரே பக்கத்தில் வரைந்திருந்தார்கள். பிள்ளை பயந்துவிடும் என்று நான் உள்ளங்கையால் மூடினேன். அவள் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, சிங்கத்தைப் பார்த்து, "பல்லு விளக்கலையா நீ?" என்று கேட்டாள். மூன்றாவதில் கரடிக் குடும்பம் தூங்கப் போனது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கடையில் நான் பார்க்காமல் புரட்டிய ஒரு பக்கத்தில், சன்னலுக்கு வெளியே, தூரத்தில், நகம் அளவுக்கு ஒரு பஸ்.

"மாமா!" என்று கத்தினாள்.

புத்தகத்தை மூடி நாலாவதை எடுத்தேன். அது முயல் புத்தகம். அம்மா முயல் குட்டி முயலுக்கு முகம் கழுவிவிடுகிறது, காது துடைத்துவிடுகிறது. பாதிப் பக்கத்துக்கு நீளமான இரண்டு காதுகள். மகள் இரண்டையும் விரலால் தடவினாள். பிறகு தன் இடது காதைத் தொட்டுத் தோட்டைத் திருகினாள். பிறகு வலது காதைத் தொட்டாள். அங்கே திருக ஒன்றுமில்லை.

"அப்பா, இந்தக் காதுக்கு மாமா எப்ப வருவாங்க?"

அழுகை இல்லை, கோபம் இல்லை. பால் எப்ப வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். வருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். பெயரை அழுத்தும்போது விரல் வழுக்கியது. முதல் தடவை ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் தண்ணீர்க் குழாய்க்காரருக்குப் போய்விட்டது. அவரிடம், "ஒண்ணுமில்லண்ணே, குழாய் நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்தேன். இரண்டாவது தடவை சரியாகப் போனது. மகள் கட்டிலில் எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

ஐந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார். "யாரு?"

என் எண் அவரிடம் இல்லாமலா இருக்கும்? "நான்தான் மச்சான்."

"எந்த நான்?"

"பையை மறந்துட்டு இறங்கினவன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி சத்தம் கேட்டது. அது குறைந்தது. நான் அவசரமாகச் சொன்னேன். "மச்சான், கடைசி நிறுத்தத்துல என்ன ஆகும்? ரெண்டு நாளா பிள்ளை தூங்கல."

"எந்த பஸ்ஸு மாப்பிள்ளை? நான் காலையில ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு ஓட்டுறேன். நீங்க எதைக் கேக்குறீங்க?"

"மாமா!" மகள் போனின் மேல் வாயை வைத்துக் கத்தினாள். "அப்பா உங்க பஸ்ஸைப் பஞ்சர் ஆக்கிட்டாரு!"

"அப்படியாடி தங்கம்?" குரல் சட்டென்று மாறியது. "உங்கப்பா கையில பஸ்ஸைக் குடுத்தது யாரு? படு, படு. படுத்துக்கிட்டுக் கேளு. மாமா வண்டியை எடுக்குறேன்."

சங்கிலிருந்து தொடங்கினார். நான் கட்டில் விளிம்பில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாகக் கேட்காத குரல். பஸ்ஸை எப்படி ஓட்டுவாரோ அப்படியே பாடினார், எந்தத் திருப்பத்திலும் குலுங்கவில்லை. நாலாம் நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டார். மகளின் கண் பாதி மூடியிருந்தது. அவர் கொஞ்சம் நிறுத்தினார். இருமினார். பிறகு பாடினார்.

*கடைசி நிறுத்தம் வந்தாச்சு*
*மாமன் பஸ்ஸு திரும்பியாச்சு*
*மழையில நின்ன அப்பாவை*
*மறுபடி ஏத்தி வந்தாச்சு*
*பையும் அப்பாவும் சேர்ந்தாச்சு*
*பாப்பா கண்ணு மூடியாச்சு*

மூடித்தான் விட்டாள். நான் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"மச்சான், அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? பாப்பா போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அப்ப ஏன் சாப்பிடாம போனீங்க?"

"சாம்பார்ல உப்பு இல்லன்னு யாரோ சொன்னாங்க."

அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். அதில் நுழைந்து தப்பித்துப் போயிருக்கலாம். நான் தப்பித்து ஓடுவதில் கைதேர்ந்தவன், செருப்புகூட வேண்டாம். ஆனால் அன்று ஏனோ கால் நகரவில்லை.

"கேட்டுச்சு மச்சான். உங்களுக்குக் கேட்டுச்சு. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. பயத்துல வந்துச்சுன்னு சொன்னாலும் அது வந்தது என் வாயிலிருந்துதான். மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை முழுதாக அணைத்தார். பிறகு, "எனக்கும் வலிச்சுச்சு மாப்பிள்ளை" என்றார். "அவ கத்தினப்பவே." அடுத்த மூச்சிலேயே, "தோடு எங்க?" என்று கேட்டார்.

"சாமி படத்துக்குப் பின்னால, தீப்பெட்டியில."

"ஆசாரிக்குச் சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமை வரேன். இந்தத் தடவை நீங்க படம் பிடிக்க வேணாம்."

ஒன்பதரைக்கு மனைவி வந்தாள். வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே அறையை எட்டிப் பார்த்தாள். நான் தேநீர் கலந்து கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஐந்து நிறுத்தத்தையும் முழுதாகப் பாடிக் காட்டினேன். மழையில் நின்ற அப்பாவை மறுபடி ஏற்றிய இடத்தில் அவள் குவளையை மேசையில் வைத்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எது?"

"பஸ்ஸு திரும்பறது. அண்ணன் பாட்டுல பஸ்ஸு திரும்பவே திரும்பாதுங்க. கடைசி நிறுத்தம் பாப்பா வீடு. விளக்கை அணைச்சாச்சு, கதவைச் சாத்தியாச்சு, அவ்வளவுதான். நீங்க தெருவுலேயேதான் நிப்பீங்க."

"அப்ப என் பை?"

"யாருக்குத் தெரியும் அது!" என்று சிரித்தாள். பிறகு தேநீரைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆவி பட்டது என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் இல்லை, மண்டபம் இல்லை. எங்கள் வரவேற்பறையில் பாய் விரித்தோம். மச்சான் இந்த முறை ஒரே ஒரு தட்டோடு வந்தார். அதில் பழங்களுக்கு நடுவே ஒரு பை இருந்தது, சாதாரணத் துணிப்பை. "இதை மறந்துடாதீங்க மாப்பிள்ளை" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் பாயில் சம்மணமிட்டார். மகள் கேட்காமலே போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். அதே ஆசாரிதான். என்னைப் பார்த்ததும் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். காடிச் சாவியை மனைவி காலையிலேயே எடுத்து ஒளித்துவிட்டாள்.

ஊசியைப் பார்த்ததும் என் கண் வாசல் பக்கம் போனது. மச்சான் என்னைப் பார்த்தார். "சும்மா நிக்காதீங்க. பாடுங்க."

"நானா?"

"பஸ்ஸை எடுங்க மாப்பிள்ளை!"

எடுத்தேன். சங்கு ஊதினேன். மூக்குத்தி அக்காவை இறக்கினேன், குடைக்கார அண்ணனை இறக்கினேன். ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோனார். அந்தப் பதற்றத்தில் மூன்றாம் நிறுத்தத்தில் நிறுத்தாமல் நேராக நாலாவதுக்குப் போய் என்னையே இறக்கிவிட்டேன். மகளுக்கு வந்ததே கோபம்.

"அப்பா! மக்சிக் இன்னும் இறங்கல! மக்சிக்கை விட்டுட்டீங்க!"

அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் ஊசி போய் வந்துவிட்டது. வலித்தது தெரிந்து அவள் அழத் தொடங்கியபோது தோட்டைத் திருகி முடித்திருந்தார் ஆசாரி. அழுகை இரண்டு நிறுத்தத்துக்கு மேல் நீடிக்கவில்லை. மச்சான் அவளை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு மக்சிக்கைப் பத்திரமாக இறக்கிவிட்டார். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இதை என் வாழ்க்கையின் பெரிய சாதனையாகவே சொல்லிக்கொள்கிறேன். மனைவி என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தாள் என்பது ஒரு சின்ன விவரம்.

பிறகு இலை போட்டோம். மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தோட்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பரிமாறினேன். அவர் இலையில் சாம்பார் ஊற்றினேன். அவர் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டு, மென்று, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கா மச்சான்?"

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அப்புறம் சொல்றேன்" என்றார்.